காக்பிட் உள்ளே போகவில்லை என்று கிட்டைக் குடையாதீர்கள்

கேள்வி: 1/48 அளவில் மிக்-21 எம்எஃப் போர்விமான மாடல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். கிட்டோடு, அதாவது பிளாஸ்டிக் பாகங்கள் வந்த பெட்டியோடு, கிடைத்த காக்பிட் (விமானி அறை) சுமாராக இருந்ததால் ரெசினில் (ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின்) வார்த்த காக்பிட், முன்சக்கரக் குழி, வால்பக்க நாசில் (இஞ்சினின் புகைவாய்) மூன்றும் கொண்ட செட்டைத் தனியாக வாங்கினேன். அவற்றை வைத்து உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்தால் முதுகுப் பக்கம் சுமார் 2 மி.மீ. வாய் பிளந்து நிற்கிறது. உட்சுவரைத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். இன்னும் தேய்த்தால் ஓட்டை விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. விற்றவரோ, "கிட்டில்தான் கோளாறு, இதைவிட நல்ல செட் இருக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: இன்னொரு செட் வாங்காதீர்கள். உப்புத்தாளையும் சற்றுக் கீழே வையுங்கள். உங்கள் கிட்டில் கோளாறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தேய்க்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைத் தேய்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் முன்சக்கரக் குழியை வெளியே எடுத்துவிடுங்கள். காக்பிட்டை மட்டும் வைத்து, பசையில்லாமல், இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பாருங்கள். மிக்-21இல் விமானி அறைக்கு அடியில்தான் முன்சக்கரக் குழி வருகிறது. அதன் கூரையின்மேல் காக்பிட்டின் தரை உட்காருகிறது. இந்த இரண்டில் ஏதாவது ஒன்று தேவைக்குமேல் தடித்திருந்தால் காக்பிட் மேலே ஏறி உட்காரும். உடல் உருண்டையானது, மேலே போகப்போகக் குறுகும். ஏறி உட்கார்ந்த காக்பிட் அந்தக் குறுகிய இடத்தில் ஆப்பு மாதிரி நின்று இரண்டு பாதிகளையும் பிளக்கிறது. முதுகில் மட்டும் பிளந்து, வயிற்றில் சரியாக மூடுகிறது என்றால் குற்றவாளி அடித்தரைதான். மேலும் கீழும் ஒரே அளவில் பிளந்தால் மட்டுமே பக்கச்சுவரைச் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை.

ரெசின் பாகத்தை வார்க்கும்போது அடியில் ஒரு கட்டையும் சேர்ந்தே வரும். அதை ரம்பத்தால் அறுத்திருப்பீர்கள். பெரும்பாலானவர்கள், அறுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்து ஒரு மி.மீ. தடிமனுக்குக் கட்டையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இந்த அளவு மாடலில் ஒரு மி.மீ. என்பது நிஜ விமானத்தில் 48 மி.மீ., கிட்டத்தட்ட இரண்டு அங்குலம்! சமதளமான கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் விட்டு, காக்பிட்டின் அடியை வட்டமாகத் தேயுங்கள். பத்துப் பதினைந்து சுற்றுக்கு ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். தரை வழியாக வெளிச்சம் மங்கலாகக் கசியத் தொடங்கினால் போதும், நிறுத்திவிடலாம். சக்கரக் குழியின் கூரைக்கும் இதே வைத்தியம்தான். தண்ணீர் இல்லாமல் மட்டும் தேய்க்காதீர்கள். ரெசின் தூள் மிக நுண்ணியது, நுரையீரலுக்குக் கேடு. முகத்தில் மாஸ்க் கட்டாயம்.

அதன் பிறகும் இடித்தால், காக்பிட்டின் வெளிப்பக்கம் முழுவதும் மென்மையான பென்சிலால் கரி பூசி, பாதிகளை ஒருமுறை அழுத்திச் சேர்த்துப் பிரியுங்கள். பிளாஸ்டிக்கில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அதற்கு நேரே உள்ள ரெசினைத் தேயுங்கள். பிளாஸ்டிக்கை அல்ல. ரெசின் போனால் உள்ளே மறைந்துவிடும். உடலில் ஓட்டை விழுந்தால் வெளியே வாழ்நாள் முழுக்கத் தெரியும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பொறுமையாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பல மாடல்கள் பாழாவது இங்கேதான். நிஜ விமானத்தின் தோல் சில மி.மீ. தடிமன்தான். கிட்டின் சுவரோ ஒரு மி.மீ.க்கும் அதிகம், அந்த அளவில் பார்த்தால் பீரங்கி வண்டிக் கவசம் மாதிரி. ரெசின் செய்பவர் உள் அகலத்தை நிஜத்துக்குச் சரியாக வைக்க விரும்பினால், கிட்டின் சுவர் மெலிந்தே ஆகவேண்டும். அதனால் கிட்டின் உட்புறத்தில் அச்சிலேயே வார்த்திருக்கும் பக்கப் பலகைகளையும் வரம்புகளையும் சுத்தமாக அகற்றத்தான் வேண்டும். பிறகு விளிம்புக்குக் கீழே, காக்பிட்டின் தோள் படுகிற ஒரு பட்டையை மட்டும் மெலிதாக்கலாம். விளிம்பைத் தொடாதீர்கள், கண்ணாடி மூடி உட்காருவது அதன்மேல்தான். மெலிதாக்கும்போது உடலை மேசை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் தடித்திருக்கும்வரை கறுப்பாகவே இருக்கும். மெலியத் தொடங்கியதும் முதலில் ஒரு மெல்லிய கோடு மட்டும் ஒளிரும். அது, விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்ட வெளிப்பக்கம் செதுக்கியிருக்கும் கோடு. அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஏற்கெனவே குறைவு, ஓட்டை முதலில் அங்கேதான் விழும். கோடு தெரிந்த நொடியில் அரத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் மாடலில் அது ஏற்கெனவே தெரிகிறது என்றால், வெளியே எதுவும் செய்யாமல், உட்புறத்தில் சூப்பர் குளூவை மெல்லியதாக ஒரு பூச்சு தடவிப் பலப்படுத்திவிடலாம். பயப்பட ஒன்றுமில்லை.

ஒவ்வொரு கட்டத்திலும் முன்கண்ணாடியையும் மூடியையும் மேலே வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். உங்களிடம் உள்ள பாகங்களில் மாற்றவே முடியாத அளவு அந்தக் கண்ணாடியின் அகலம்தான். ரப்பர் பேண்டும் கிளிப்பும் போட்டு நெருக்கி ஒட்டிவிட்டால் இன்றைக்கு மூடும். பெயின்ட் அடித்து முடித்த பிறகு ஒருநாள் முதுகுத் தையல் விரியும்.

இனி விற்றவர் விஷயத்துக்கு வருகிறேன். "1/48க்கு எல்லாம் பொருந்தும்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். ரெசின் செட் எதுவும் விமானத்துக்காகச் செய்யப்படுவதில்லை, குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் குறிப்பிட்ட ஓர் அச்சுக்காகச் செய்யப்படுகிறது. எந்தக் கிட்டுக்கு என்பது பையின் தலைப்பு அட்டையில் எழுதியிருக்கும். அந்த அட்டையைக் கிழித்துவிட்டு வெறும் பையில் போட்டு விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அட்டை ஏன் இல்லை என்று கேட்டால், பழைய சரக்கு, அட்டை நைந்துவிட்டது என்பார்கள். நம்பாதீர்கள்.

இன்னும் மோசமானது நகல் வார்ப்பு. நல்ல கைவினைஞர் ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த செட்டில் ஒரு பை வாங்கி, அதையே சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து மறுபடி வார்த்து விற்கிறார்கள். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். நகலுக்கு நகல் எடுத்தால் சுருக்கத்துக்கு மேல் சுருக்கம். ஊசிமுனை அளவு சுவிட்சுகள் மழுங்கி, உருகிய வெல்லம் போலத் தெரியும். இருக்கையின் பட்டைகளுக்கு அடியில் காற்றுக் குமிழிகள் இருக்கும். நானும் ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். பையைப் பிரித்த அன்றே நீளம் குறைவது தெரிந்தது. விற்றவர், கிட்டைக் குறை சொல்லி, இன்னொன்றை என் தலையில் கட்டப் பார்த்தார். உங்களுக்கு வந்த அதே பதில், சொல் மாறாமல். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி: அகலத்தை மறந்துவிட்டு நீளத்தை மட்டும் பாருங்கள். முன்னே கருவிப் பலகையும் பின்னே இருக்கைக்குப் பின்சுவரும் கிட்டின் திறப்போடு சரியாக நின்றால், செட் உங்கள் கிட்டுக்கானதுதான், தேய்த்தால் போய்விடும். நீளமே அரை மி.மீ.க்குமேல் உதைத்தால் அது வேறு கிட்டுக்கானது, அல்லது நகல். திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேளுங்கள்.

அசல் தயாரிப்பாளர்கள் மட்டும் யோக்கியமா? அவர்களின் செய்முறைத் தாளில் உடலின் படம் ஒன்று, அதில் சாம்பல் பூசிய ஒரு பகுதி, பக்கத்தில் கத்தரி மாதிரி ஓர் அடையாளம். எவ்வளவு எடுக்கவேண்டும், எவ்வளவு மிஞ்சவேண்டும் என்று எங்கும் இல்லை. "சுவர் 0.6 மி.மீ. மிஞ்சட்டும்", "தரை இவ்வளவு தடிமன்" என்று இரண்டு வரி அச்சிட என்ன செலவாகிவிடும்? கிட் நிறுவனங்களும் இப்படித்தான். பழைய அச்சைப் புதிய பெட்டியில் போட்டுப் புதிய எண் கொடுக்கிறார்கள், ஒருவர் அச்சை இன்னொருவர் பெயரில் விற்கிறார்கள். அட்டைப்படத்தை நம்பி வாங்குகிறவருக்கு உள்ளே எது இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

நாசிலையும் இப்போதே ஒருமுறை சரிபாருங்கள். மிக்-21 எம்எஃப்பில் இருப்பது ஆர்-13-300 இஞ்சின், மிக்-21இன் இன்னொரு வகையான பிஸ்ஸில் ஆர்-25-300. தலைப்பு அட்டையில் எந்த வகை என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். எஃப்-16க்கும் இதே தொல்லை உண்டு: எஃப்100, எஃப்110 என்று இரண்டு இஞ்சின்கள், இரண்டுக்கும் நாசிலின் தோற்றம் வேறு.

கடைசியாக ஒன்று, உடலை மூடுவதற்கு முன். ரெசின் நாசில் கனமானது, வாலை இழுக்கும். மூக்கிலுள்ள கூம்புக்குள் ஈயக் குண்டுகளை நிரப்புங்கள். வெள்ளைப் பசையில் அவற்றை ஒட்டாதீர்கள். அந்தப் பசையோடு ஈயம் வருடக்கணக்கில் வினைபுரிந்து, உப்பி, மாடலையே பிளந்துவிடும். எபாக்ஸியில் (இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் பசை) ஒட்டுங்கள். காக்பிட்டுக்கும் எபாக்ஸியே நல்லது. பிளாஸ்டிக் பசை ரெசினைப் பிடிக்காது, சூப்பர் குளூ நகர்த்தச் சில நொடிகூடத் தராது. எபாக்ஸி ஐந்து நிமிடமாவது அவகாசம் கொடுக்கும். காக்பிட்டை ஒரு பாதியில் மட்டும் ஒட்டி, மற்ற பாதியைப் பசையில்லாமல் மூடி, மேலே கண்ணாடியை வைத்து, அப்படியே ஒரு இரவு விடுங்கள்.