பேஸ்பாலில் கர்வ்பால் (வளைந்து இறங்கும் பந்து) கேள்வி பதில்: மணிக்கட்டைத் திருகாதீர்கள்

பந்தை எப்படிப் பிடிப்பது சார்? வீடியோவுக்கு வீடியோ வேறு மாதிரி காட்டுகிறார்கள்.

பந்தின் தையல் குதிரைலாடம் போல வளையும் இடத்தைத் தேடுங்கள். அந்தத் தையலை ஒட்டி நடுவிரலை வையுங்கள், பக்கத்திலேயே ஆள்காட்டி விரல். கட்டைவிரல் அடியில் உள்ள தையலில். அழுத்தம் முழுக்க நடுவிரலில்தான். ஆள்காட்டி விரல் சும்மா துணைக்கு. வீடியோக்களில் மாறுவதெல்லாம் ஆள்காட்டி விரலின் இடம்தான், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

வீசும்போது மணிக்கட்டைத் திருகினால்தானே பந்து சுழலும்?

பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது இதைத்தான். கதவுக் குமிழைத் திருப்புவது போலத் திருகினால் பந்து பக்கவாட்டில் சோம்பலாகச் சுழலும், முழங்கையும் வலிக்கும். சுத்தியலால் ஆணி அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை உங்கள் காதைப் பார்த்தபடி வர வேண்டும். விடும் நொடியில் நடுவிரல் பந்தின் முன்பக்கத்தைக் கீழே இழுக்கும், கட்டைவிரல் மேலே வரும். அவ்வளவுதான்.

பழக ஒரு வழி: பந்தின் நடுவில் சுற்றிலும் ஒரு கறுப்பு டேப் ஒட்டுங்கள். நடுவிரல் அந்த டேப் மேலேயே இருக்கட்டும். ஒரு முழங்காலை ஊன்றி, முப்பது அடி தூரத்தில் மெதுவாக வீசுங்கள். டேப் அசையாத ஒரே கோடாகத் தெரிந்தால் சுழற்சி சரி. தள்ளாடினால் எங்கோ திருகுகிறீர்கள்.

பந்து உண்மையில் வளைகிறதா, கண்ணுக்கு அப்படித் தெரிகிறதா?

இந்தச் சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. 1959இல் லைமன் பிரிக்ஸ் என்ற இயற்பியலாளர் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, 17.5 அங்குலம் வரை வளையும் என்று காட்டினார். காரணம் மாக்னஸ் விளைவு, அதாவது சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவது. ஃபாஸ்ட்பால், அதாவது நேராகப் போகும் வேகப்பந்து, பின்னோக்கிச் சுழல்வதால் கொஞ்சம் தாங்கி நிற்கும். கர்வ்பால் முன்னோக்கிச் சுழலும். அது காற்றை மேலே தள்ள, காற்று பந்தைக் கீழே தள்ளுகிறது. கிரிக்கெட் ஆடியவர்களுக்கு டாப்ஸ்பின்னர் சட்டென்று இறங்குவது தெரியுமே, அதே சங்கதி. இங்கே தரையில் குத்தாமலே பேட்டரிடம் போய்விடுகிறது.

நியூஜெர்சியிலிருந்து: என் மகனுக்குப் பத்து வயது. இப்போதே கற்றுக்கொடுக்கலாமா அண்ணா?

வேண்டாம். ஃபாஸ்ட்பாலும் சேஞ்ச்அப்பும் (ஃபாஸ்ட்பால் போலவே வீசி மெதுவாகப் போகவிடும் பந்து) கைக்குள் வரட்டும், பதின்மூன்று பதினான்கில் பார்த்துக்கொள்ளலாம். கர்வ்பாலை மட்டும் வில்லனாக்காதீர்கள், அப்புறம் மற்றதைக் கவனிக்கமாட்டீர்கள்: பிள்ளைகளின் கையைக் கெடுப்பதில் அதிக எண்ணிக்கையில் வீசுவதுதான் முதல் குற்றவாளி. சிறுவர்களுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கில் அவன் வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்துகள்தான் வரம்பு. வார இறுதியில் இரண்டு அணிக்கு ஆடினால் கணக்கை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்றால் அன்றே நிறுத்துங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் கர்வ்பால் வளையாமல் நடுவில் மிதக்கிறது, பேட்டர்கள் விளாசுகிறார்கள்!

பயந்து கையை மெதுவாக்குகிறீர்கள். ஃபாஸ்ட்பாலுக்குக் கை எந்த வேகத்தில் வருமோ அதே வேகத்தில் வரட்டும். பந்து தானாகவே மெதுவாகப் போகும். இன்னொன்று, சீக்கிரம் விட்டுவிடுகிறீர்கள். பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முழங்காலைக் குறி வையுங்கள். முதலில் நாலைந்து மண்ணில் குத்தும், குத்தட்டும். மேலே மிதப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கண்டுபிடித்தது யார்?

கேண்டி கம்மிங்ஸ் என்ற பழைய பேஸ்பால் பந்துவீச்சாளர் என்பார்கள். 1863இல் சிறுவனாகக் கடற்கரையில் சிப்பி ஓடுகளை வீசியபோது யோசனை வந்ததாக அவரே சொன்ன கதை. நாங்கள் ஏரியில் ஓட்டாஞ்சில்லு விட்டோம், தவளைப் பாய்ச்சலோடு நின்றுவிட்டோம்!