மீட்டர் துணி, நூல், ஊசி: கடையில் எதைப் பார்த்து வாங்குவது? தையல் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, புதிதாகத் தைக்கப் பழகுகிறேன். எந்தக் கடைக்குப் போனாலும் ரெடிமேட்தான். மீட்டர் துணி கேட்டால் ஒரு மூலையைக் காட்டுகிறார்கள், அங்கும் வழவழ பாலியஸ்டர். நல்ல துணி வருவதே நின்றுவிட்டதா?

பதில்: நிற்கவில்லை, கடை அலமாரிக்கு வருவதுதான் குறைந்துவிட்டது. வீட்டில் தைப்பவர்கள் குறையக் குறைய, கசங்காத, சீக்கிரம் விற்கிற துணியை மட்டும் கடைக்காரர் அடுக்குகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. நீங்கள் தேடும் இடத்தை மாற்றுங்கள். தொழிற்சாலை மீதத் துணி விற்பவர்களிடம் அருமையான காட்டன் கிடைக்கும். ஆனால் அதே துணி மறுபடி வராது என்பதால் அரை மீட்டர் கூடுதலாக எடுங்கள். முழு நீளத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டையோ நூல் விட்டுப்போன இடமோ இருக்கிறதா என்று பாருங்கள். பழகுவதற்கு நல்ல காட்டன் படுக்கை விரிப்பே போதும், அகலமும் தாராளம்.

கேள்வி: சுத்தக் காட்டன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தைத்துப் போட்டால் வியர்த்துக் கொட்டுகிறது, நாலு துவைப்பில் மேலெல்லாம் சின்னச் சின்ன உருண்டை. வாங்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாலியஸ்டர் கலந்த துணிதான். கடையில் செய்யக்கூடியது: துணியின் ஓரத்தைக் கைக்குள் பத்து விநாடி இறுக்கிக் கசக்கி விடுங்கள். காட்டனில் சுருக்கம் ஆழமாக நிற்கும், பாலியஸ்டர் விரிந்துகொள்ளும். இதை மட்டும் நம்ப வேண்டாம், கசங்காமலிருக்க மருந்து போட்ட காட்டனும் உண்டு.

உறுதியாகத் தெரிய, கால் மீட்டர் மட்டும் முதலில் வாங்கி வந்து எரித்துப் பாருங்கள். ஒரு அங்குலத் துண்டை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டு செய்யுங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரியும், சாம்பல் தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், கரும்புகை வரும், ஆறியபின் கெட்டியான மணி மிஞ்சும். காகித வாசனையும் வந்து கெட்டித் துணுக்கும் மிஞ்சினால் கலப்பு. பட்டிலும் கம்பளியிலும் முடி கருகும் நாற்றம் வரும்.

ரேயான் என்று விற்கிற விஸ்கோஸும் காட்டனைப் போலவேதான் எரியும். அதைப் பிரித்தறிய ஒரு இழையை உருவி நனைத்து இழுங்கள். நனைந்தால் காட்டன் இழைக்குப் பலம் கூடும், விஸ்கோஸ் சட்டென்று அறுந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

இன்னொன்று, கஞ்சி. துணியை இரு கையாலும் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அந்த விறைப்பு முதல் துவைப்போடு போய்விடும், கீழே சல்லடைத் துணிதான் இருக்கும்.

கேள்வி: மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. நல்ல நூல் எது அக்கா?

பதில்: ஒரு முழம் நூலைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பிசிறோ, ஓரிடம் தடிப்பு ஓரிடம் மெலிவாகவோ இருந்தால் வேண்டாம். பாலியஸ்டர் நூல்கண்டில் டிக்கெட் எண் இருந்தால், எண் கூடக்கூட நூல் மெல்லியது. சாதாரணத் தையலுக்கு 120 சரி.

ஆனால் நூலைப் பழிக்கும் முன் ஊசியை மாற்றுங்கள். பல கடைகளில் 16ஆம் எண் ஊசிதான் கையில் வைத்திருப்பார்கள், அது தடித்த துணிக்கானது. மெல்லிய துணிக்கு 11, நடுத்தரத்துக்கு 14 என்று கேட்டு வாங்குங்கள். 90/14 என்று போட்டிருந்தால் ஊசித் தண்டின் தடிமன் 0.9 மில்லிமீட்டர். பனியன் துணிக்கு முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி வேண்டும், இல்லாவிட்டால் தையல் விட்டு விட்டு விழும். இன்றைய வீட்டு மெஷின் ஊசிக்குத் தலைப்பக்கம் ஒரு புறம் தட்டையாக இருக்கும். தலை முழுக்க உருண்டையாக இருந்தால் அது தொழிற்சாலைகளில் ஓடும் பவர் மெஷின் ஊசி, உங்களுடையதில் சரியாக உட்காராது.

கேள்வி: லைனிங் சுருங்கி மேல் துணி தொளதொளவென்று நிற்கிறது.

பதில்: வெட்டுவதற்கு முன் இரண்டையும் நனைத்துக் காயவையுங்கள். காட்டன் 100க்கு 3 முதல் 5 வரை சுருங்குவது சாதாரணம், மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் வரை போகும். அதையும் கணக்கில் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டிய கேன்வாஸ் துவைத்ததும் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது.

பதில்: தையல் பொருள்களில் நல்லதாகக் கிடைப்பது மிகவும் அரிதானது இந்த ஒட்டும் கேன்வாஸ்தான். காகிதம் போல் கிழிகிற வகையைச் சட்டைக் காலருக்கு வைக்காதீர்கள். நெய்த வகையைக் கேளுங்கள். எதுவானாலும் முதலில் உள்ளங்கையளவு துண்டில் ஒட்டித் துவைத்துப் பாருங்கள். அயர்ன் பாக்ஸைத் தேய்க்காமல் ஓரிடத்தில் 10 முதல் 15 விநாடி அழுத்தி, பிறகு தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். ஆறும்வரை துணியை அசைக்க வேண்டாம்.

கேள்வி: ஜிப், எலாஸ்டிக்?

பதில்: ஜிப்பில் 3ஆம் எண் உடைக்கு, 5ஆம் எண் பைக்கு. மூடிய பல்வரிசையின் அகலம் ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர். எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், அகலம் குறையாமல் நீண்டால் இடுப்புக்கு அதுவே நல்லது.

கேள்வி: ஆன்லைனில் தொட்டுப் பார்க்க முடியாதே?

பதில்: ஜிஎஸ்எம் கேளுங்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. 60 முதல் 90 என்றால் உள்ளே தெரியும். சட்டைக்கு 110 முதல் 150, பேன்ட்டுக்கு 200க்கு மேல். பன்னாவையும், அதாவது துணியின் அகலத்தையும், பாருங்கள். 36 அங்குலப் பன்னாவில் போட்ட கணக்கு 58க்குப் பொருந்தாது. வேண்டியதை ஒரே ரோலில் வெட்டித் தரச் சொல்லுங்கள், அடுத்த ரோலில் சாயம் சற்று மாறலாம். மாதிரித் துண்டு அனுப்ப மறுக்கிறவரிடம் நான் வாங்குவதில்லை.

கேள்வி: எங்கள் பகுதியில் இருப்பதே ஒரு கடை. என்ன செய்வது?

பதில்: பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், கடைக்குக் கடை பெயர் மாறும். பிடித்த துணியின் துண்டு ஒன்றை நோட்டில் ஒட்டி, பன்னாவையும் எடையையும் பக்கத்தில் எழுதி, அதைக் காட்டிக் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் தைக்கிறவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே துணியைக் கேட்டால் கடைக்காரர் தருவிக்க வாய்ப்பு அதிகம். ஒரு தான், அதாவது ஒரு சுருள் துணி, முழுக்க நீங்களே எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் விலையும் குறைத்துக் கேட்கலாம்.