டயப்பரை எப்போது கழற்றலாம்? டீச்சரிடம் கேட்டவை

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் காலமெல்லாம் 2 வயதிலிருந்து 5 வயது வரை உள்ள பிள்ளைகளோடுதான் போனது. கழிப்பறைப் பழக்கம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், பையனுக்கு 1 வயது 8 மாதம். "என் பிள்ளையை 10 மாசத்துலயே பழக்கிட்டேன்" என்கிறார் மாமியார். நான் தாமதம் பண்ணிவிட்டேனா? (லாஸ்பேட்டை)

இல்லையம்மா. மாமியார் சொல்வதும் பொய்யில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் மேல் பிள்ளையைக் குந்த வைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்தால் போய்விடும். நேரம் பார்த்து வைத்தது அவர் திறமை. வருகிறது என்று பிள்ளையே உணர்ந்து, கொஞ்சம் அடக்கி, சொல்லிவிட்டுப் போவது வேறு. அது பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கு மேல், 3 வயதை ஒட்டித்தான் கைகூடும். 2 மணி நேரம் நனையாமல் இருக்கிறானா, ஈர ஜட்டியைப் பிடித்து இழுக்கிறானா, "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் புரிந்து எடுத்து வருகிறானா என்று பாருங்கள். இவை தெரிந்தால் ஆரம்பிக்கலாம்.

மாமியாரையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குடல் தானாகவே அசையும். காலைப் பலகாரம் முடிந்து கால் மணி, அரை மணி கழித்து உட்கார வைக்கும் வேலையை அவரிடமே விடுங்கள். 5 நிமிடம் போதும். வரவில்லையென்றால் எழுப்பிவிட வேண்டும்.

மகளுக்கு 2 வயது 9 மாதம். உச்சா சொல்லிவிடுவாள். ஆய் மட்டும் டயப்பர் போட்டால்தான் போவாள், இல்லாவிட்டால் 3, 4 நாள் அடக்குகிறாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்து முக்குகிறாள். அடம் தாங்கவில்லை. (செம்மண்டலம்)

அடம் என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் மையத்தில் ஒரு பையன் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நிற்பான். குதிகாலைத் தூக்கி, இரண்டு தொடையையும் நெருக்கி, மூட்டையின் காதை இறுகப் பிடித்திருப்பான். முகம் சிவந்து மேலுதட்டில் வியர்வை பூத்திருக்கும். முக்குகிறான் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கழிப்பறையில் உட்கார வைத்தேன். அலறிவிட்டான். அதன்பின் பல நாள் என் பக்கமே வரவில்லை. அவன் முக்கவில்லை, வந்துவிடாமல் இறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறான் என்று பிறகுதான் புரிந்தது. நான் செய்தது தப்பு. அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்திருந்தால் போதும், அடுத்த முறை பிள்ளை பயந்து அடக்கும். உள்ளே தங்கத் தங்க, குடல் மலத்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும். இன்னும் கெட்டியாகும், இன்னும் வலிக்கும். அதனால் முதலில் மலம் இளக வேண்டும், உட்காரப் பழக்குவது அப்புறம். ஒரு நாளைக்குப் பால் அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பால் குடித்தே வயிறு நிறைந்த பிள்ளை சோறும் கீரையும் எங்கே சாப்பிடும்? பன், பிஸ்கட்டைக் குறைத்து பப்பாளி, கொய்யா, ஊறவைத்த உலர் திராட்சை கொடுங்கள். தண்ணீர் அடிக்கடி கொடுங்கள்.

டயப்பர் கேட்டால் மறுக்காமல் போட்டுவிடுங்கள். ஆனால் போவது பாத்ரூமுக்குள் இருக்கட்டும். அது பழகியதும் டயப்பரோடே கக்கா சேரில் உட்காரட்டும். பிறகு டயப்பரைத் தளர்த்தி, ஒரு நாள் கழற்றிவிடலாம். வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், பயம்தான் கூடும். ரத்தம் வந்தாலோ, வயிறு உப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அடக்கி வைக்கிற பிள்ளையின் ஜட்டியில் தண்ணீராகக் கறை படிந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அடைத்து நிற்கும் கெட்டி மலத்தைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம், அதையும் காட்ட வேண்டும். டாக்டர் இளக்கும் மருந்து கொடுத்தால் 2 நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடக் கூடாது. அவர் சொல்லும்வரை, மாதக்கணக்கானாலும், கொடுக்க வேண்டும்.

எங்கள் வாடகை வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்தான். பையன் உட்காரவே பயப்படுகிறான். (முத்தியால்பேட்டை, ஓர் அப்பா)

கால் தொங்கினால் உள்ளே விழுந்துவிடுவோம் என்று பயம் வரும் தம்பி. முக்கவும் பலம் கிடைக்காது. சிறுவர் சீட் ஒன்றை மேலே வையுங்கள், காலுக்கு உறுதியான ஒரு முக்காலி போடுங்கள். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும், குந்தி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். பிள்ளை இறங்கி வெளியே வந்தபின் ஃபிளஷ் பண்ணுங்கள். அந்தச் சத்தத்துக்கே மிரளும் பிள்ளைகள் உண்டு.

ஐப்பசி மழையில் ஜட்டி காயவே மாட்டேன் என்கிறது. மறுபடி டயப்பருக்கே போய்விடலாமா? (தேவனாம்பட்டினம்)

ஆரம்பிக்கவில்லையென்றால் மாசி, பங்குனி வரை பொறுங்கள். ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் பகலில் மாற்றி மாற்றிப் போடாதீர்கள், பிள்ளை குழம்பிவிடும். சாதாரணப் பருத்தி ஜட்டி 10, 12 வாங்கி, ராத்திரி ஃபேனுக்கடியில் காயப் போடுங்கள்.

பெண் குழந்தைக்குக் கழுவிவிடுவதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா? (அரியாங்குப்பம்)

எப்போதும் முன்னாலிருந்து பின்னால். காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தாலோ, உச்சா போகும்போது அழுதாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பகலில் நன்றாகப் போகிறான். 4 வயதாகியும் ராத்திரி பாய் நனைகிறது. எல்லார் முன்னாலும் கேலி செய்கிறார்கள். (நெல்லிக்குப்பம்)

கேலியை முதலில் நிறுத்துங்கள், அது உங்கள் பொறுப்பு. தூக்கத்தில் போவது அவன் கையில் இல்லை. இரவில் சிறுநீரைக் குறைக்கும் சுரப்பும், மூத்திரப்பை நிறைந்ததும் விழிக்கும் பழக்கமும் சில பிள்ளைகளுக்கு மெதுவாகத்தான் வரும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் அப்படி இருந்ததா என்று தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், பல வீட்டில் "ஆமாம்" என்பார்கள். 5 வயது தாண்டியும் தொடர்ந்தால் டாக்டரிடம் பேசலாம். ஆனால் பல மாதம் நனையாமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்து, கூடவே தாகமும் அதிகமாகி, மெலிந்துகொண்டே வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

இப்போதைக்குப் பாய்க்கு மேல் ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய பருத்திப் புடவை. தலைமாட்டில் ஒரு மாற்று ஜட்டி. நனைந்தால் விளக்கைப் போடாமல், ஒன்றும் பேசாமல் மாற்றிப் படுக்க வையுங்கள்.