கதை நாலு பக்கத்துக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. என் கற்பனை வறண்டுவிட்டதா?

பஸ் கண்டக்டரை வைத்துக் கதை ஆரம்பித்ததாகவும், நாலாம் பக்கத்தில் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் எழுதுகிறவர் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். உங்கள் கற்பனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கண்டக்டரின் வேலை உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் அத்தை தூத்துக்குடி உப்பளத்தில் 22 வருஷமாக வேலை பார்க்கிறார். அவரை நினைத்து, சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒரு கதை எழுதினேன். கார்த்திகை மாசம், உச்சி வெயில், ஒருத்தி அழுதுகொண்டே உப்பு வாருகிறாள். ஐந்தாம் பக்கத்தில் நின்றுவிட்டது. மே மாசம் ஊருக்குப் போனபோது அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஏட்டி, கார்த்திகைல ஏது உப்பு? பாத்தியெல்லாம் மழைத் தண்ணில முங்கிக் கெடக்கும்லா. உச்சி வெயில்ல எவ வாருவா? வெள்ளை வெளேர்னு அடிக்கும், கண்ணு அவிஞ்சு போவும்" என்றார்.

வெட்கமாக இருந்தது. என் காலேஜ் பீஸில் பாதி அவர் கட்டியது. அவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே அவரோடு அளத்துக்குப் போனேன். பெண்கள் நெற்றியில் டார்ச் கட்டியிருந்தார்கள். உப்பு வாரும் பலகையை இறக்குவதற்கு முன் அத்தை பாத்தி ஓரத்து உப்பைக் காலால் மெல்ல அழுத்தினார். நறுக்கென்று ஒரு சத்தம். "ம், வாரலாம்" என்றார். பிறகு இடுப்பை வளைத்து வரப்புப் பக்கமாக இழுக்க ஆரம்பித்தவர், கிழக்கு வெளுக்கும்வரை நிமிரவில்லை.

திரும்பும்போது, மழை மாசங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "முன்பணம் வாங்குவோம். வாங்குன அளத்துக்குத்தான் தை பொறந்ததும் போவணும்." என் கதை அந்தப் பதிலுக்குள் இருந்தது. கண்ணீரை எடுத்துவிட்டு முன்பணத்தை வைத்தேன். இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன்.

பட்டவர்கள்தான் எழுத வேண்டுமா என்று யாராவது சண்டைக்கு வரலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளி இல்லை. தூத்துக்குடிக்குப் போய், அந்த மக்களோடு பழகிக் கேட்டறிந்துதான் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். போய்க் கேட்டால் போதும் என்கிறேன்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: அந்தக் கதையை ஒரு பத்திரிகை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திருத்திப் போட்டது. அத்தையின் 'ஏட்டி' எல்லாம் 'அம்மா' ஆகிவிட்டது. சன்மானமும் இல்லை, ஒரு பிரதிகூட அனுப்பவில்லை. அத்தைக்கு வாசித்துக் காட்ட நான்தான் கடையில் வாங்கினேன். இன்றைக்கும் ஆறவில்லை.

நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் முதல் டிரிப்பிலிருந்து மத்தியானம்வரை கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்திலேயே போங்கள். நோட்டை நீளவாக்கில் மடித்து எந்த விரல் இடுக்கில் செருகுகிறார், சில்லறை இல்லாத கிழவரிடம் என்ன சொல்கிறார், டிரிப் முடிந்து கணக்கு இடித்தால் யார் முகத்தைப் பார்க்கிறார் என்று பாருங்கள். கணக்கு இடித்த அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் உட்காரட்டும். அங்கிருந்து ஐந்தாம் பக்கத்தை எழுதுங்கள்.