நான்கு டிராக்கில் நாற்பது பேர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய இசைத்தட்டுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பிரிட்டனின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ ஆல்பத்தை முதல்முறையாக முழுதாகக் கேட்டேன். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, ஹெட்போனில். உண்மையைச் சொல்வதென்றால் கொஞ்சம் ஏமாற்றம்தான். கடைசிப் பாட்டில் குரல் வலது காதில் தொடங்குகிறது, கிட்டார் இடது காதில். பாட்டு போகப் போக குரல் மெல்ல நகர்ந்து இடது பக்கம் போய்விடுகிறது. முதலில் ஹெட்போன்தான் கெட்டுவிட்டதோ என்று ஒயரை ஆட்டிப் பார்த்தேன்.

அக்கா பையன் சென்னையில் ஒலிப்பதிவு படிக்கிறான். அவனிடம் கேட்டால், “அது நாலே டிராக்கில், அதாவது டேப்பில் தனித்தனியாகப் பதியும் நாலே தடங்களில் செய்தது மாமா. அன்றைக்கு வசதி அவ்வளவுதான். என் லேப்டாப்பில் இன்றைக்கு நூறு டிராக் போடலாம். பழசு என்பதால் எல்லோரும் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள்” என்கிறான். பாட்டுகள் பிடித்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவையே பெரிய சாதனையாகச் சொல்வது பழைய நினைவின் மயக்கம்தானா? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

எஸ்.,
ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கோபம் எதற்கு? இப்படி நிதானமாகக் கேட்டு எழுதுகிறவர்கள் எத்தனை பேர்!

உங்கள் ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டது அந்த ஆல்பத்தின் ஸ்டீரியோ மிக்ஸ், அதாவது ஒலிகளை வலது, இடது என்று பிரித்துக் கலந்த வடிவம். 1967இல் பிரிட்டனில் பாப் இசை கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஒற்றை ஸ்பீக்கர் பிளேயர்தான் இருந்தது. அதனால் எல்லா ஒலியும் ஒன்றாக வரும் மோனோ மிக்ஸைத்தான் எல்லோரும் முக்கியமாக நினைத்தார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் இருவரோடும் பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டின் மோனோ மிக்ஸையும் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஸ்டீரியோ மிக்ஸ், அவர்கள் இல்லாமல், சில நாட்களில் முடிந்த வேலை. இரண்டும் எவ்வளவு வேறு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாட்டு மோனோவில் வேகம் கூடுதல், சுருதியும் ஏறக்குறைய அரை ஸ்வரம் மேலே. ஸ்டீரியோவில் அதே பாட்டு சோர்ந்து நடக்கும். பல வருடங்கள் நான் அந்தச் சோர்வைப் பாட்டின் குணம் என்றே நினைத்திருந்தேன்.

ஆக, உங்கள் ஏமாற்றத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் அக்கா பையன் சொன்னதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. நாலு டிராக் என்றால் என்ன என்பதைக் கையால் செய்து பார்த்தால் ஒழிய அது புரியாது.

நான் கொஞ்சம் செய்து பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் நானும் ஒரு நண்பனும் இரண்டு டேப்ரெக்கார்டர்களை வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்தோம். முதல் கேசட்டில் அவன் ஆர்மோனியம் வாசித்துப் பாடினான். அதை ஓடவிட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று நான் கூடப் பாட, இரண்டாவது மெஷின் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்தது. அதை ஓடவிட்டு மூன்றாவது தடவை டோலக். ஒவ்வொரு சுற்றுக்கும் டேப்பின் அந்த ‘உஸ்ஸ்’ இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. முதல் சுற்றிலேயே ஆர்மோனியம் சத்தம் அதிகம், ஆனால் மூன்றாவது சுற்றில்தான் அது எங்களுக்கு உறைத்தது. குறைக்க வழியில்லை, அது குரலோடு ஒட்டிப்போய்விட்டது. தெருவில் போன ஐஸ் வண்டியின் மணியும் முதல் சுற்றில் விழுந்திருந்தது. அதுவும் கடைசிவரை கூடவே வந்தது.

லண்டனில் ஆபி ரோடு தெருவில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் அவர்கள் செய்ததும் அடிப்படையில் இதுதான். ஸ்டூடர் ஜே37 என்ற மெஷின், ஒரு அங்குல அகல டேப், அதில் நாலு டிராக். நாலும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு மெஷினில் ஒன்று அல்லது இரண்டு டிராக்காக இறக்குவார்கள். மிச்ச டிராக்குகளில் புதிதாகச் சேர்ப்பார்கள். இறக்கும் அந்த நிமிடத்தில் டிரம்ஸ் எவ்வளவு, கிட்டார் எவ்வளவு என்று முடிவு செய்தாக வேண்டும். மேலே என்ன வரப்போகிறது என்று தெரியாது. நாளைக்கு மனது மாறினால், அதற்குப் பின் சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுப் பழைய டேப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நீங்கள் காதில் கேட்ட அந்தக் கரடுமுரடான வலது-இடதுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரே டிராக்கில் கலந்துவிட்ட நாலு வாத்தியங்களை ஒரு பக்கம் வைக்கலாம், நடுவில் வைக்கலாம். பிரிக்க முடியாது.

இந்த நெருக்கடி இசையையே மாற்றியது. அந்த ஆல்பத்தில் பீட்டில்ஸ் நால்வரில் ஒருவரான பால் மெக்கார்ட்னியின், கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள். வழக்கமாக பேஸை டிரம்ஸோடு சேர்த்து முதலிலேயே வாசித்துவிடுவார்கள். இங்கே பல பாடல்களில் அதைக் கடைசிக்கு ஒதுக்கி, அதற்கென ஒரு டிராக்கை மிச்சம் பிடித்துவைத்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, நடுராத்திரியில் அவர் மட்டும் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாசிப்பார். குரல், பியானோ எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. எங்கே இடைவெளி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதனால் அந்த பேஸ் வெறுமனே தாளம் காட்டாமல், பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாக ஓடுகிறது. ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’ பாட்டில் குரலை விட்டுவிட்டு அதை மட்டும் ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள்.

ஆல்பத்துக்காகத் தொடங்கி, பிறகு 1967 பிப்ரவரியில் தனி இசைத்தட்டாக வந்த ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பற்றியும் சொல்ல வேண்டும். நால்வரில் இன்னொருவரான ஜான் லெனனுக்கு ஒரு பதிவின் ஆரம்பம் பிடித்திருந்தது, இன்னொரு பதிவின் பிற்பகுதி பிடித்திருந்தது. இரண்டும் வேறு வேகம், வேறு சுருதி. சேர்த்துத் தரச் சொன்னார். மார்ட்டினும் எமெரிக்கும் டேப்பின் வேகத்தை மாற்றிச் சுருதியைப் பொருத்தி, கத்தரித்து ஒட்டிவிட்டார்கள். பாட்டு தொடங்கி சரியாக ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு இருக்கிறது. தெரிந்துகொண்டு கேட்டால் காற்றே மாறுவதுபோல் இருக்கும்; தெரியாமல் கேட்டால் பிடிபடாது.

சரி, நீங்கள் சொன்ன கடைசிப் பாட்டுக்கு வருகிறேன். ‘எ டே இன் த லைஃப்’. 1967 ஜனவரியில் அதைப் பதிவு செய்தபோது நடுவில் 24 பார்கள் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி) வெற்றிடமாக விட்டார்கள். எதைக்கொண்டு நிரப்புவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவர்களுடைய உதவியாளர் மால் எவன்ஸ் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார். 24 முடிந்ததைக் காட்ட ஒரு அலாரம் கடிகாரத்தை அடிக்கவிட்டார்கள். எங்கள் ஐஸ் வண்டி மணி மாதிரியே அது டேப்பில் உட்கார்ந்துகொண்டது. ஆனால் அதற்குப் பிறகு மெக்கார்ட்னி பாடும் பகுதி, ஒருவன் காலையில் தூங்கி எழுவதில் தொடங்குகிறது! மணி அப்படியே பாட்டுக்குள் போய்விட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

பிப்ரவரி 10ஆம் தேதி அந்த வெற்றிடத்தை நிரப்ப நாற்பது ஆர்கெஸ்ட்ரா கலைஞர்கள் வந்தார்கள். மார்ட்டின் அவர்களுக்குக் கொடுத்த குறிப்பு விசித்திரமானது. உங்கள் வாத்தியத்தின் ஆகக் கீழான ஸ்வரத்தில் தொடங்குங்கள், 24 பாரும் முடியும்போது உச்சிக்குப் போய்ச் சேருங்கள். நடுவில் எப்படிப் போவது என்பது அவரவர் பாடு, பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதீர்கள். வாழ்நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவரோடு இழையப் பழகியவர்களிடம் இதைச் சொன்னார். பாட்டு இருந்த டேப்பில் இவர்களுக்கு இடம் ஏது? கென் டவுன்சென்ட் என்ற தொழில்நுட்பக்காரர் இரண்டு மெஷின்களை ஒன்றாக ஓடவைக்க வழி செய்தார். இரண்டாவது மெஷினின் நாலு டிராக்கிலும் ஆர்கெஸ்ட்ரா தனித்தனியாக நாலு தடவை வாசித்தது. நாற்பது பேர் நூற்றறுபது பேர் ஆனார்கள். நாலே டிராக் இருந்த ஸ்டூடியோவில் நடந்தது இது. உங்கள் அக்கா பையனிடம் இதை அவசியம் சொல்லுங்கள்; ஒலிப்பதிவு படிக்கிற பிள்ளை, அவனுக்குப் பிடிக்கும். இதே டவுன்சென்ட்தான் முந்தைய வருடம், ஒரே குரலை இரண்டு தடவை பாடவைக்காமல் டேப்பின் சிறு தாமதத்தைக் கொண்டே இரட்டைக் குரலாக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். லெனனுக்கு ஒரே வரியை மறுபடி பாடுவது பிடிக்காது. காரணம் அவ்வளவுதான்.

நம் காதுக்கு நெருக்கமான ஒன்று அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. ஜார்ஜ் ஹாரிசனின் ‘விதின் யூ விதவுட் யூ’. மற்ற மூவரும் அதில் வாசிக்கவில்லை. லண்டனில் இருந்த ஏஷியன் மியூசிக் சர்க்கிள் என்ற அமைப்பின் வழியாக வந்த இந்தியக் கலைஞர்கள்தான் தில்ரூபா (வில் போட்டு வாசிப்பது), தபலா, தம்புரா எல்லாம். ஹரிகாம்போதியின் ஸ்வரங்களை உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. தில்ரூபாவின் வழுக்கலையும் வளைவையும் அப்படியே தொடரும்படி மார்ட்டின் எட்டு வயலின்களுக்கும் மூன்று செல்லோக்களுக்கும் ஸ்வரம் எழுதினார். நேராகப் பிடித்து வாசித்துப் பழகிய ஆங்கிலேயர்கள் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே இழுத்து வாசிக்கிறார்கள். கமகம் முழுதாக வந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் அந்த முயற்சி காதில் விழுகிறது, எனக்கு அது ஒவ்வொரு முறையும் நெகிழ்ச்சியாக இருக்கும்.

இவர்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஆல்பத்துக்கு மெக்கார்ட்னியைத் தூண்டியது 1966இல் வந்த, பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பம். லாஸ் ஏஞ்சலஸில் அந்தக் குழுவின் பிரையன் வில்சன் ஒரு அறை நிறைய வாத்தியக்காரர்களை உட்காரவைத்து ஒரே நேரத்தில் வாசிக்கவைத்தார். சைக்கிள் ஹார்னைக்கூட விடவில்லை. அந்த மொத்தத்தையும் ஒரே டிராக்காகச் சுருக்கி எட்டு டிராக் டேப் ஒன்றில் வைத்து, மிச்ச ஏழையும் குரல்களுக்குக் கொடுத்த பாடல்கள் உண்டு. அவர் மோனோவில்தான் மிக்ஸ் செய்தார். அவருக்கு வலது காது அநேகமாகக் கேட்காமல் இருந்தது.

1968இல் லண்டனிலும் எட்டு டிராக் வந்தது. ‘ஹே ஜூட்’ பாட்டுக்காக பீட்டில்ஸ் தங்கள் ஸ்டூடியோவை விட்டு ட்ரைடன்ட் என்ற இன்னொரு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். 1969இல் ‘ஆபி ரோடு’ ஆல்பத்தை எட்டு டிராக்கில் செய்தார்கள். ஸ்டீரியோவில் மட்டுமே வெளியிட்டார்கள். அதில் ‘பிகாஸ்’ பாட்டில் மூன்று பேர் சேர்ந்து மூன்று தடவை பாடியிருக்கிறார்கள், ஒன்பது குரல்கள். ஹெட்போனில் கேட்க அதைப்போல சுகம் இல்லை. நீங்கள் முதலில் அதைக் கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கடிதமே வந்திருக்காது.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். ‘சார்ஜண்ட் பெப்பர்’ மோனோ பதிப்பைத் தேடிப் பிடித்து, ஹெட்போன் இல்லாமல் ஒரு ஸ்பீக்கரில் கேளுங்கள். அப்புறம் ஹெட்போன் போட்டுக்கொண்டு 2017இல் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த புது மிக்ஸைக் கேளுங்கள். ஒன்றோடொன்று கலந்து இறக்குவதற்கு முந்தைய டேப்புகளை இ.எம்.ஐ. பத்திரமாக வைத்திருந்தது. அவர் அங்கே திரும்பிப் போய், மோனோ மிக்ஸை வழிகாட்டியாக வைத்து ஸ்டீரியோ செய்தார். உங்கள் அக்கா பையனின் லேப்டாப் வசதிதான் அதற்கு உதவியது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எது முன்னால், எது பின்னால் என்பதை 1967இன் மோனோ மிக்ஸைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் எடுத்துவிடாதீர்கள். மூன்று பியானோக்களில் லெனன், மெக்கார்ட்னி, ரிங்கோ ஸ்டார், மால் எவன்ஸ் நால்வரும் ஒரே அடியாக அடித்த ஈ மேஜர் என்ற ஒரு ஸ்வரக் கூட்டு. பிப்ரவரி 22ஆம் தேதி, ஒன்பதாவது முயற்சியில் ஒன்றாக விழுந்தது. மார்ட்டினின் ஆர்மோனியம் மேலே சேர்ந்தது. நாதம் தேயத் தேய எமெரிக் ஒலி அளவைக் கூட்டும் ஃபேடரை மெல்ல ஏற்றிக்கொண்டே போனார், நாற்பது விநாடிக்கும் மேல். கடைசியில் ஏறக்குறைய அந்த அறையே ஒலிக்க ஆரம்பிக்கிறது. சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்துக் காத்திருந்தால், யாரோ நாற்காலியில் அசையும் கிறீச் கேட்கும். உங்களுக்கு எந்தக் காதில் கேட்டது என்று எழுதுங்கள்.

அன்புடன்.