வாசகர் கேள்வி–பதில்: ஆய்வகத் தட்டும் சத்துமாவும்

கேள்வி: என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். திருவாரூரில் ஒரு கண்காட்சியில் கருப்புக் கவுனி, வாழைப்பூ, மஞ்சள், மிளகு சேர்த்த சத்துமாவு வாங்கினேன். ‘ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது: ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் 91 சதவீதம், புற்றுநோய்ச் செல்களை 80 சதவீதம் அழிக்கும்’ என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அந்த இரண்டு எண்களும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவை எதை அளந்ததால் கிடைத்த எண்கள் என்பதைத்தான் பொட்டலம் சொல்லாமல் விட்டிருக்கிறது.

91 சதவீதம் என்பது பெரும்பாலும் டி.பி.பி.எச். சோதனையின் முடிவாக இருக்கும். டி.பி.பி.எச். என்பது கரைசலில் அடர் ஊதா நிறம் காட்டும் ஒரு வேதிப்பொருள். மாவை மெத்தனாலில் ஊறவைத்து வடித்த சாற்றை அந்தக் கரைசலில் சேர்த்து அரை மணி நேரம் இருட்டில் வைத்தால், சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்களின் வினையால் ஊதா வெளுத்து மஞ்சளாகிவிடும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளந்து சதவீதமாக எழுதுவார்கள். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை இது. நாம் தினமும் குடிக்கும் தேநீரும் காப்பியும்கூட இதில் நல்ல மதிப்பெண் வாங்கும். ஆனால் டி.பி.பி.எச். நம் உடம்பில் எங்கும் இல்லாத பொருள். இதே வகையைச் சேர்ந்த ‘ஓராக்’ சோதனையின் எண்களைத் தொகுத்து வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண்மைத் துறையே, விற்பனையாளர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துவதைக் கண்டு, 2012-இல் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டது.

80 சதவீதத்துக்கு வருவோம். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள் இருக்கும். அவற்றில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, சாற்றைப் பல அளவுகளில் ஊற்றி, ஓரிரு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல்கள் அதை ஊதாப் படிகமாக மாற்றும். ஆகவே ஊதா குறைந்த குழியில் உயிருள்ள செல்கள் குறைந்துவிட்டன என்று கணக்கு. எந்த அளவு சாற்றுக்கு இந்த முடிவு கிடைத்தது, அதே அளவில் நலமான செல்கள் பிழைத்தனவா, சாறு கலக்காமல் கரைப்பானை மட்டும் ஊற்றிய குழியில் என்ன நடந்தது என்ற மூன்றையும் சொல்லாத சதவீதத்துக்கு மதிப்பில்லை. போதிய அளவு உப்பையோ சாராயத்தையோ ஊற்றினாலும் அந்தக் குழியில் செல்கள் சாகத்தான் செய்யும்.

மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் சாறு தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். உடலிலுள்ள சுமார் 5 லிட்டர் இரத்தத்தில் அந்தச் செறிவு வர 1 கிராம் சாறு சிதையாமல் சேர வேண்டும். உடலின் 40 லிட்டர் நீரிலும் பரவுமானால் 8 கிராம் வேண்டும். ஒரு தேக்கரண்டி மாவே சில கிராம்தான். அதில் சாறாக இறங்குவதோ ஒரு பங்கு. கவுனியின் கருநிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின்களில் மிகச் சிறு பகுதியே குடலிலிருந்து சிதையாமல் இரத்தத்துக்குப் போகிறது.

தாவரத்திலிருந்து புற்றுநோய் மருந்து வரவே வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நம் ஊர் வேலியோரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியை 1950-களில் கனடாவில் சர்க்கரை நோய்க்காகச் சோதித்தபோது, எலிகளின் வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டார்கள். வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து அப்படித்தான் கிடைத்தது. அது இலையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்ததால் வந்த மருந்தல்ல. தனியே பிரித்து, நச்சுத்தன்மையை அளந்து, நோயாளிகளிடம் சோதித்த பிறகே ஊசியில் ஏறியது. இதற்கு எதிரான அனுபவமும் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், ஆக்சிஜனேற்றத் தடுப்பியான பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகவே இருந்தது என்று 1994-இல் தெரியவந்தது.

உங்கள் தாயார் கவுனிக் கஞ்சியும் வாழைப்பூப் பொரியலும் உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. குழம்பில் விழும் மஞ்சளுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் மஞ்சளின் குர்குமினை மாத்திரையாக, அதிலும் மிளகின் பைப்பரினோடு சேர்த்துக் கொடுத்தபோது, தமாக்சிஃபெனிலிருந்து உடலில் உருவாகும் செயல்பொருளின் அளவு ஓரளவு குறைந்ததாக 2019-இல் நெதர்லாந்து ஆய்வொன்று காட்டியது. பொட்டலத்தில் மஞ்சள் எவ்வளவு என்று குறிப்பிடாததால், அதை அப்படியே எடுத்துச் சென்று புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: வெற்றிலைச் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று படித்தேன். சாப்பாட்டுக்குப் பின் தினமும் தாம்பூலம் போடுவது அப்படியானால் நல்லதுதானே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. சோதனைத் தட்டில் ஊற்றியது வெற்றிலைச் சாறு. நீங்கள் வாயில் அடக்குவது வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத தாம்பூலத்தையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கொழுந்து வெற்றிலையின் வாசனை பிடிக்குமானால் ரசத்தில் கிள்ளிப் போடுங்கள். பாக்கை விட்டுவிட்டு, கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, முன்போல வாயைத் திறக்க முடியாத இறுக்கமோ இருக்கிறதா என்று பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.