ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டிலேயே செய்து பார்க்க, ஒளி - நிறம் பற்றிய எளிய அறிவியல் சோதனை எது?

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, அகலமான பாத்திரத்தில் தண்ணீர், நல்ல வெயில். இவை இருந்தால், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் முப்பட்டகம் (பிரிசம்) வாங்க வேண்டியதில்லை. கூடவே சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலக் கண்ணாடித்தாள்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பரிசுப் பொருள் சுற்றுகிற அதே தாள்தான். வானவில்லை வரவழைத்ததோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

நான் காரைக்குடிப் பக்கம். இங்குள்ள பழைய வீடுகளின் முற்றம் இந்தச் சோதனைக்கென்றே கட்டியது போல இருக்கும். ஒரு பக்கம் வெயில் விழும், சுற்றுப் பத்தியில், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், நல்ல நிழல் இருக்கும். காலை எட்டு ஒன்பது மணிக்குப் பாத்திரத்தை வெயிலில் வைத்து, கண்ணாடியின் பெரும்பகுதி தண்ணீருக்குள் மூழ்கும்படி சூரியனைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். ஒளி திரும்பி, சூரியன் இருக்கிற திசையில்தான் போய் விழும். அதனால் காலையில் கிழக்குப் பத்தியின் நிழல் சுவரில் தேடுங்கள். இரண்டு வெளிச்சத் திட்டுகள் தெரியலாம். வெறும் வெள்ளையாக இருப்பது தண்ணீருக்கு மேலே நிற்கும் கண்ணாடியிலிருந்து வருவது. நிறங்களோடு இருப்பதுதான் நமக்கு வேண்டியது. சுவர் தள்ளியிருந்தால் நிறங்கள் இன்னும் அகலமாக விரியும். தண்ணீர் அசையாமல் இருக்கட்டும்.

தண்ணீரின் மேற்பரப்புக்கும் சாய்ந்த கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் ஆப்பு வடிவத் தண்ணீர்தான் இங்கே முப்பட்டகம். சிவப்பு குறைவாக வளையும், ஊதா அதிகமாக வளையும், அதனால் பிரிந்து விழுகின்றன. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: சூரியனையும் கண்ணாடிக்குள் தெரியும் சூரியனையும் பார்க்கக் கூடாது. கண்ணாடியைச் சாய்த்து வைப்பது பெரியவர்கள் வேலை.

சரி, இப்போது தாள்கள். செட்டிநாட்டு வீடுகளில் கதவு, சன்னல் மேல் வளைவுகளில் வண்ணக் கண்ணாடி பதித்திருப்பார்கள். அதன் வழியே வெயில் தரையில் சிவப்பாக விழும்போது, கண்ணாடி வெயிலுக்குச் சிவப்புச் சாயம் பூசுகிறது என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்களும்தான். சுவரில் விழும் நிறப்பட்டைக்கு முன்னால் சிவப்புத் தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீலம், பச்சை எல்லாம் மறைந்து சிவப்பு மட்டும் நிற்கும். தாள் எதையும் சேர்க்கவில்லை, மற்றவற்றை உறிஞ்சிக்கொண்டது என்பது அந்த நொடியில் பிடிபட்டுவிடும். மஞ்சள் தாளைப் பிடித்தால்? மஞ்சள் மட்டும்தான் மிஞ்சும் என்று பெரும்பாலும் பதில் வரும். ஆனால் சிவப்பும் பச்சையும் அப்படியே இருக்கும், நீலமும் ஊதாவும்தான் போயிருக்கும். ஒவ்வொரு தாளைப் பிடிக்கும் முன்பும் என்ன மிஞ்சும் என்று பிள்ளையை எழுதவைத்து, பிறகு பார்க்கவையுங்கள். தப்பாக எழுதியதை அழிக்கவிடாதீர்கள். நீலத் தாள் சிலவற்றில் கொஞ்சம் சிவப்பு கசியும். அதையும் அப்படியே எழுதட்டும்.

இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால் சர் சி.வி. ராமனைச் சொல்லுங்கள். 1928-இல் கொல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனோடு அவர் செய்த தொடக்கச் சோதனைகளுக்கு ஒளி மூலம் வெயில்தான். நம் தாளைப் போலவே சில நிறங்களை மட்டும் கடக்கவிடும் வடிகட்டிகள் இரண்டு: நீல-ஊதா வடிகட்டி ஒன்று, மஞ்சள்-பச்சை வடிகட்டி ஒன்று. இரண்டையும் சேர்த்து வைத்தால் எந்த ஒளியும் கடக்காது. முதல் வடிகட்டியைத் தாண்டிய ஒளி ஒரு திரவத்தில் பட்டுச் சிதறிய பிறகு, இரண்டாவது வடிகட்டியையும் கொஞ்சம் தாண்டி வந்தது. நிறம் மாறியிருந்தால் மட்டுமே அது நடக்கும். 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்தக் கண்டுபிடிப்புக்குத்தான். பிள்ளை சிவப்புத் தாளையும் பச்சைத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும், கிட்டத்தட்ட இருட்டாகிவிடும். அப்புறம் இந்தக் கதையைச் சொன்னால் நன்றாகப் பதியும்.

மழைக்காலமாக இருந்தாலும், பள்ளிக்கூட அறைக்குள் காட்ட வேண்டியிருந்தாலும் இன்னொரு வழி உண்டு. இருட்டான இடத்தில் டார்ச்சின் முகப்பில் சிவப்புத் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டி, ஆத்தங்குடிக் கல் (இந்தப் பக்கத்து வண்ணப் பூவேலைத் தரைக்கல்) பதித்த தரையில் அடியுங்கள். கல்லில் சிவப்பாக இருக்கும் பூ பளிச்சென்று தெரியும், பச்சை இலை கறுத்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கல்லை மட்டும் கொண்டுபோனால் போதும்.